ஆலையின் செயற்கைக்கோள் மோடத்தைத் தொலைவிலிருந்து இயக்கப் பழகிய அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தின் நடுவில் இருக்கும் ஆலை ஒன்றில் நான் கருவிப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஃபைபர் கேபிள் அறுபடும் நாள்களில் எடைமேடைக் கணக்கு முழுவதும் செயற்கைக்கோள் வழியாகத்தான் வெளியே போகும். 91.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கும் மலேசியாவின் மியாசாட் செயற்கைக்கோளை நோக்கி எங்கள் தட்டு ஆன்டெனா ஏறத்தாழ 77 பாகை உயரத்தில், உச்சியிலிருந்து சற்றே மேற்கில் சரிந்து நிற்கிறது. மாலை இடிமழையில், மழையால் எளிதில் வலுவிழக்கும் கேயூ பட்டை ரேடியோ அலை நலிந்தால், தரவை அலையாக மாற்றி அனுப்பும் கருவியான மோடத்தின் அனுப்பு திறனை மாற்ற வேண்டியிருக்கும். அதற்காக இரவில் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளில் போய்வந்த சிரமமே என்னை இந்த முயற்சியில் இறக்கியது.

மோடத்தின் ஆர்எஸ்-485 இணைப்பை (கருவிகள் கம்பி வழியே தரவு பரிமாறும் ஒரு முறை) ஒரு சிறு கணினியோடு இரு கம்பிகளால் இணைத்தேன். கட்டளையின் அமைப்பு எளிது: தொடக்கக் குறியாக 02, பிறகு கருவியின் முகவரி, கட்டளை எழுத்து, மதிப்பு, முடிவுக் குறியாக 03, கடைசியில் செய்தி பிழையின்றி வந்ததா என்று பார்க்க உதவும் சரிபார்ப்பு பைட். ஏற்றால் 06 என்றும் மறுத்தால் பதினாறடிமான (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை) 15 என்றும் பதில் தொடங்கும். இரண்டு நாள் பதிலே வரவில்லை. ஒரு தயாரிப்பாளர் ஏ என்று குறிக்கும் கம்பியை இன்னொருவர் பி என்று குறிப்பதால் கம்பிகள் மாறிப் போயிருந்தன. மாற்றிப் பொருத்தியதும் பதில் வந்தது, ஆனால் முதல் எழுத்து இல்லாமல் வந்தது. ஒரே சோடிக் கம்பியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடியே ஆகும் நிலையில், என் நிரல் அனுப்பி முடித்த பிறகும் பத்து மில்லிவிநாடி கம்பியை விடாமல் பிடித்திருந்ததால், மோடம் பேசத் தொடங்கியது எனக்குக் கேட்கவில்லை. அதைச் சரிசெய்த பிறகு சரிபார்ப்பு பைட்டில் தொடக்கக் குறியைச் சேர்க்காத என் தவறும், முன்பலகையில் மோடத்தைத் தொலைக்கட்டுப்பாட்டு நிலைக்கு மாற்ற மறந்ததும் வெளிப்பட்டன. அந்த நிலைக்கு மாற்றாதவரை என் மோடம் கேள்விக்குப் பதில் சொல்லும், மாற்றத்தை மட்டும் ஏற்காது.

வீட்டிலிருந்து முயன்றபோதுதான் உண்மையான ஆபத்து தெரிந்தது. 35,786 கிலோமீட்டர் உயரத்துக் கோள் வழியாகக் கட்டளை போய்ப் பதில் திரும்ப அரை விநாடியாகிறது. என் நிரல் 300 மில்லிவிநாடியில் பொறுமையிழந்து கட்டளையை மறுபடி அனுப்பியது. நான் அனுப்பியது, அனுப்பு திறனை "ஒரு டெசிபெல் கூட்டு" என்ற கட்டளை (டெசிபெல் என்பது அலைத்திறனின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் அலகு). அது இரண்டு முறை நிறைவேறியது. தேவைக்கு மேல் கூட்டிய திறன், கோளில் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரே டிரான்ஸ்பாண்டரைப் பகிரும் மற்றவர்களின் இணைப்பைக் கெடுக்கக்கூடியது என்பதால் அன்று நான் மிகவும் பதறினேன். அதன் பிறகு "இந்த அளவில் வை" என்று முழு மதிப்பைச் சொல்லும் கட்டளையை மட்டுமே பயன்படுத்துகிறேன். அதை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மதிப்பைக் கேட்டுச் சரிபார்க்கிறேன்.

ஆலையில் முன்பு மின்பணியாளராக இருந்த அண்ணன் ஒருவரிடம் இதைக் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அனுப்புறதையே நிறுத்தச் சொல்லிட்டா, அதைத் திருப்பிச் சொல்ல எந்த வழியா வருவ தம்பி?" கட்டளை போகும் பாதையும் கட்டளையால் மாறும் பாதையும் ஒன்றாக இருப்பதை நான் அதுவரை எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே சிறு கணினியிலேயே ஒரு காவல் ஏற்பாடு எழுதினேன். மாற்றத்துக்கு முன் பழைய மதிப்புகள் அனைத்தையும் அது படித்து வைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்குள் என்னிடமிருந்து உறுதிச்செய்தி வராவிட்டால் அவற்றைத் தானே மோடத்துக்குத் திருப்பி எழுதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலை ஓடாத நேரத்தில், செயற்கைக்கோள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, அலைபரப்பை நிறுத்தும் கட்டளையை வீட்டிலிருந்து வேண்டுமென்றே அனுப்பினேன். இணைப்பு அறுந்தது. ஐந்து நிமிடம் பத்து விநாடியில் மோடம் பழைய அளவில் மீண்டும் பேசியது.