விட்டுப்போன அத்தியாயங்கள்

பழைய மாணவர் சங்க மலர்க்குழுவில் இருக்கும் தம்பி தொலைபேசியில் சொன்னார், "அண்ணை, பழைய அதிபர், பிக் மட்ச், விளையாட்டுப் போட்டி எல்லாம் ஏற்கெனவே எழுதிப்போட்டினம், நீங்கள் வேறை ஏதாவது எழுதுங்கோ" என்று. சரி, எழுத்தாளர் சுஜாதாவைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம் பள்ளிக்கூடத்தில் படித்தவர் இல்லை, ஸ்ரீரங்கத்துக்காரர். ஆனால் போடிங்கில், அதாவது பள்ளிக்கூட விடுதியில், என் மெத்தைக்குக் கீழே இரண்டு வருசம் குடியிருந்தவர்.

எண்பதுகளின் நடுப்பகுதி, ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்த காலம். விகடன் சில கிழமை கொழும்பு வழியாக யாழ்தேவி ரயிலில் வரும், சில கிழமை எப்படி வந்தது என்று கேட்கக்கூடாத வழியில் வரும், சில கிழமை வரவே வராது. வந்த இதழும் போடிங் முழுக்கக் கை மாறி என்னிடம் சேரும்போது அட்டை இருக்காது, பகிடிப் பக்கங்களை எவனாவது கிழித்திருப்பான். 2020களில் நடக்கிற கதை. ஜீவா என்ற சர்வாதிகாரி, பிள்ளை பெறுவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டிய நாடு, நிலா என்றொரு பெண், அப்புறம் ஜீனோ. இயந்திர நாய், ஆனால் புத்தகம் வாசிக்கும், எதிர்க்கேள்வி கேட்கும். எங்களுக்கு நிலாவைவிட ஜீனோவில்தான் பைத்தியம்.

நடுவில் ஒரு கிழமை விட்டுப்போனால் என்ன செய்வது? பக்கத்துக் கட்டில்காரன் ஒரு வழி சொன்னான். "மச்சான், நாங்களே எழுதுவம்." ஒரு சீஆர் கொப்பியை எடுத்து, முந்தின அத்தியாயத்துக்கும் அடுத்த அத்தியாயத்துக்கும் இடையில் என்ன நடந்திருக்கும் என்று எழுதத் தொடங்கினோம். முதல் தடவை நான் எழுதினேன். ஜீனோவுக்குள் என்ன பற்றரி இருக்கிறது, கால் எப்படி மடங்குகிறது, கண் எப்படி வேலை செய்கிறது என்று பௌதிகப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு பக்கம். வாசித்துப் பார்த்தவன் சொன்னான், "இது நாயில்லையடா, சோதினை." ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த இதழே தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தபோது பார்த்தேன், சுஜாதா நாயை விளக்கிக்கொண்டு நிற்கவில்லை, அதைப் பேச விட்டிருந்தார். அது பேசப் பேச இயந்திரமும் விளங்கியது, அது ஏதோ களவு செய்யப்போகிறது என்பதும் விளங்கியது.

இன்னொரு வித்தையும் அவரிடமிருந்து எடுத்தோம். ஒருவன் படியிறங்குகிறான் என்றால் 'இறங்கினான்' என்ற எழுத்துகளையே ஒன்றின் கீழ் ஒன்றாகப் படிபோல அச்சில் இறக்கிவிடுவார். தவணைச் சோதினையில் 'மலையேறிய அனுபவம்' என்று கட்டுரை கேட்டார்கள். நான் 'ஏறினேன்' என்பதைத் தாளின் அடியிலிருந்து மேலே ஏற்றி எழுதினேன். தமிழ்ச் சேர் சிவப்பு மையால் இரண்டே சொல் போட்டிருந்தார்: 'கோட்டில் எழுதவும்.' பத்துக்கு மூன்று. இன்றைக்கும் அது கொஞ்சம் அநியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

வருசங்கள் போய் ரொறன்ரோவில் ஒரு கடையில் அவருடைய 'திரைக்கதை எழுதுவது எப்படி?' கிடைத்தது. நான் சினிமாக்காரன் இல்லை, தண்ணீர் பம்ப்புகளுக்குப் பாவனைக் கையேடு எழுதிச் சம்பளம் வாங்குகிறவன், அந்தத் தொழில் கண்ணோடுதான் வாசித்தேன். ஒரு வரி எண்ணத்தைப் பிடித்துக் கதையாக்கி, காட்சி காட்சியாகப் பிரித்துத் தாளில் இறக்குவது வரை பக்கத்திலிருந்து சொல்லித்தருகிற புத்தகம். ஆள் அடிப்படையில் பொறியியலாளர், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கியமான பங்கு அவருக்கு. வாக்குப்போடுகிறவருக்கு உள்ளே இருக்கிற சுற்று தெரியத் தேவையில்லை, எந்தப் பொத்தானை அமத்துவது என்று தெரிந்தால் போதும். ஜீனோவும் அப்படித்தான் எழுதப்பட்டது, கையேடும் அப்படித்தான். நான் என்னுடைய நாலு பக்கத்தில் சுற்றை வரைந்துகொண்டிருந்தேன்.

ஹைக்கூ பற்றியும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். 'சிறுகதை எழுதுவது எப்படி?' என்று இன்னொன்றைக் கண்டதும் அடுத்த கையேடு என்று நம்பி வாங்கினேன், உள்ளே முழுக்கச் சிறுகதைகள். மனுசன் பேய்க்காட்டிப்போட்டார்.

எல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். கிழமைக்குக் கிழமை எழுதியதால் கடைசியில் அவசரமாகக் கட்டி முடித்த கதைகள் நிறைய. பெண்களை வர்ணிக்கும் இடங்கள் சிலவற்றை என் மகளுக்கு வாசித்துக்காட்டக் கூச்சமாக இருக்கும். மாத நாவலுக்கு எழுதிக் குவித்த ஆள்தானே என்று தள்ளிவைக்கிற இலக்கியக்காரர்கள் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் காட்டுவது 'ஒரு லட்சம் புத்தகங்கள்' என்ற சிறுகதையை. 1981இல் எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை வைத்து எழுதியது. எரிந்தவை ஏறத்தாழ 97,000 என்று கணக்கு. எங்களுடைய போடிங்கில் அந்தக் கரிச்சுவரைப் பார்க்காதவன் ஒருவனும் இல்லை, அந்தக் கதையை வாசித்த அன்றைக்கு மட்டும் ஒருத்தரும் பகிடி விடவில்லை.

87 ஒக்டோபரில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியபோது கொப்பியை விட்டுவிட்டு ஓடிவந்தோம். சுஜாதா 2008 பெப்ரவரியில் காலமானபோது பக்கத்துக் கட்டில்காரன் மெல்பேர்னிலிருந்து எடுத்தான். முழு நாவலும் புத்தகமாக வாங்கி வைத்திருக்கிறானாம், ஆனால் நாங்கள் எழுதிய இடங்கள் வரும்போது அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுவானாம், எங்களுடையதுதான் திறமாம். அவன் எழுதிய அத்தியாயத்தின் கடைசிப் பந்தி அவனுக்கு இன்னும் பாடம். தொலைபேசியில் சொல்லிக்காட்டினான்:

"ஜீனோ யாழ்தேவியை விட்டுச் சுன்னாகம் ஸ்டேஷனில் இறங்கியது. 'இங்கே எங்கே சார்ஜ் ஏற்றலாம்?' என்று கேட்டது. மின்சார நிலையத்தைக் காட்டினார்கள். போய்ப் பார்த்தது. கரண்ட் இல்லை."