தேதி மாறாது என்று சொன்னேன்

"தேதி மாறாதும்மா. கண்ணுக்குத் தெரிகிற விதம்தான் மாறும்."

சொன்னது நான். அதில் பிழையில்லை என்று இன்றும் வாதாடுவேன். ஆரக்கிள் தரவுத்தளத்தில் ஒரு தேதி ஏழு பைட்டுகளில் அடங்கிவிடும். நாள் முன்னால், மாதம் பின்னால் என்று அதற்குள் எதுவும் எழுதியிருப்பதில்லை.

"சரி சார், ஆனால்..." என்று என்னோடு வேலை பார்த்த அந்தப் பெண் இழுத்தாள். நான் அதற்குள் திரையின் பக்கம் திரும்பிவிட்டேன்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு கணினியில் மாதம் முன்னால் வரும், அடுத்த மேசையில் நாள் முன்னால் வரும். இந்தக் கோளாறு மாதத்தின் 12ஆம் தேதிவரை வாய் திறக்காது. நாளும் மாதமும் இடம் மாறிச் சத்தமில்லாமல் பதிவாகிக்கொண்டிருக்கும். 13 பிறந்ததும்தான் ஆரக்கிள் ஓரா-01843 என்ற பிழை எண்ணோடு, செல்லாத மாதம் என்று கத்தும். சர்வரில் தேதியின் இயல்பு வடிவத்தை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. கணினியில் என்எல்எஸ் லாங் என்ற மொழி அமைப்பைப் போட்டிருந்தால் சர்வர் சொல்வதை அது மதிக்காது. எனவே லாகான் டிரிக்கர்: யார் உள்ளே நுழைந்தாலும் தானாக ஓடி, அவர்களுடைய அந்த இணைப்பின் தேதி வடிவத்தை மாற்றிவிடும் நாலு வரி.

கேட்டவர்கள் கேட்டது நாள், மாதம், நான்கு இலக்க ஆண்டு, அவ்வளவுதான். மணி, நிமிடம், விநாடியையும் சேர்த்தது என் கைங்கரியம். இருந்துவிட்டுப் போகட்டும், பிழை தேடும்போது உதவும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கணக்குப் பிரிவிலிருந்து போன். முந்தைய நாள் வசூல் அறிக்கையில் மொத்தம் பூஜ்யம்.

இரவில் குறித்த நேரத்தில் கிரான் வழியாகத் தானாக ஓடும் பழைய ஸ்கிரிப்ட் அது. ரசீதுத் தேதியையும் இன்றைய தேதியையும், எழுத்தைத் தேதியாக்கும் டு டேட்டுக்குள் போட்டு ஒப்பிட்டிருந்தார்கள். ஏற்கெனவே தேதியாக இருப்பதை எதற்குத் தேதியாக்க வேண்டும்? ஆரக்கிள் அதை முதலில் இயல்பு வடிவத்தில் எழுத்தாக்கி, மறுபடி தேதியாக்கும். பழைய வடிவத்தில் மணி கிடையாது என்பதால் நேரம் வழியிலேயே உதிர்ந்துவிடும், ஒப்பீடு பொருந்திவிடும். என் வடிவத்தில் நேரம் உதிரவில்லை. அறிக்கை ஓடிய அதே விநாடியில் யாராவது ரசீது போட்டிருந்தால்தான் கணக்கில் வரும். இரவு பதினொன்றரைக்கு யார் போடுவார்கள்?

அது எழுதியவரின் தவறு, நேரத்தை வெட்டிவிடும் ட்ரங்க் போட்டிருக்க வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தவறு பல வருடங்களாக ஒரு நாள்கூடப் பிசகாமல் சரியான தொகையைக் கொடுத்துவந்தது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. மணியைச் சேர்க்காமல் விட்டிருந்தால் இன்னும் பல வருடங்கள் கொடுத்திருக்கும் என்பதையும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்பது ஒரு சமாதானம். அவள் அந்தக் கூட்டத்தில் இருந்தாள் என்பதை நினைத்தால் அந்தச் சமாதானமும் நிற்பதில்லை.

அந்த "ஆனால்" எதைப் பற்றியது? மணி எதற்கு என்று கேட்க வந்தாளா? அந்த ஸ்கிரிப்ட் அவளுக்குத் தெரியுமா? ஒருவேளை, சாப்பிட்டுவிட்டு வந்து செய்யலாமா என்பதாகக்கூட இருக்கலாம். மணி அப்போது ஒன்றரை. கேட்டிருந்தாலும் நான் நிறுத்தியிருப்பேனா என்றால், அநேகமாக மாட்டேன். அப்படியானால் அவள் பேசாமல் விட்டதில் என்ன வித்தியாசம் என்று ஒரு மனம் கேட்கிறது. மற்றொரு மனம் அதை ஏற்கவில்லை.

ஸ்கிரிப்டில் ட்ரங்க் போட்டாயிற்று. டிரிக்கர் இன்னும் ஓடுகிறது, மணி, நிமிடம், விநாடியோடு. இப்போது அதை எடுத்தால் வேறு எது உடையும் என்று எனக்குத் தெரியாது. அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். பிரிவு உபசார நாளில் கேட்டுவிடலாம் என்றுதான் பக்கத்தில் போய் நின்றேன். "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.