தமிழ் புத்தக லிஸ்டுக்கு எந்த டேட்டாபேஸ்?

எங்க ஏரியா பசங்க நடத்துற சின்ன நூலகத்துக்கு ஒரு வெப்சைட் பண்றேன்னு சொன்னதும் கேட்டவன் எல்லாம் கேட்டது டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல்லா போஸ்ட்கிரஸ்ஸானு தான். நான் ரெண்டையும் தொடாம எஸ்க்யூலைட்னு இன்னொரு டேட்டாபேஸ்ல ஆரம்பிச்சேன். தனியா சர்வர் ஓட்ட வேணாம், பாஸ்வேர்டு தலைவலி இல்ல, மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல், டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்குற மொழியான எஸ்க்யூஎல்லை கத்துக்க இதைவிட வசதியான இடம் கிடையாதுங்க. ஆனா ஒண்ணு, ஃபாரின் கீ செக்கிங், அதாவது ஒரு டேபிள்ல குறிப்பிடுற ஆள் இன்னொரு டேபிள்ல நெஜமாவே இருக்காரானு பாக்குறது, டிஃபால்ட்டா ஆஃப்ல தான் இருக்கும், கனெக்‌ஷன் ஓப்பன் பண்றப்ப எல்லாம் ப்ராக்மானு ஒரு செட்டிங் கமாண்ட் போட்டு ஆன் பண்ணனும், இல்லனா இல்லாத மெம்பர் பேர்ல புக்கு குடுத்தாலும் கம்முனு சேவ் பண்ணிக்கும். முழு எண்ணுக்குனு வெச்ச இன்டிஜர் காலம்ல (column) "நாளைக்கு"னு போட்டாலும் வாங்கிக்கும், அதுக்கு தான் 2021ல வகை மாறுனா வாங்காத ஸ்ட்ரிக்ட் டேபிள்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க.

எல்லாம் நல்லா தான் போச்சு, தலைப்பை அகர வரிசைல காட்டுன்னு கேக்குற வரைக்கும். அகராதிப்படி "அமுதம்" முன்னாடி, "அன்பு" பின்னாடி, ஏன்னா ன கடைசி எழுத்து. எழுத்துக்கு ஒரு நம்பர் குடுக்குற யூனிகோட்ல ன-வை ந-வுக்கு பக்கத்துலயே வெச்சிருக்காங்க, அதனால நம்பரை மட்டும் பாத்து அடுக்குனா அன்பு முந்திக்கும். புள்ளியும் அப்படித்தான், உயிர்மெய் குறி எல்லாத்துக்கும் அப்புறம் வர்றதால "கல்வி"க்கு முன்னாடி "கலை" வந்து உக்காந்துக்கும். எஸ்க்யூலைட்ல கூடவே வர்ற கொலேஷன் (எழுத்தை வரிசைப்படுத்துற விதி) எதுக்கும் இந்த வரிசை தெரியாது, நாமளே எழுதி சேக்கணும்.

மைஎஸ்க்யூஎல் பக்கமும் எட்டிப் பாத்தேன். அதுல யுடிஎஃப்8னு பேர் வெச்சிருந்த எழுத்து சேமிக்கிற முறை எழுத்துக்கு 3 பைட் தான் தாங்கும், தமிழுக்கு அது போதும், அதனால யாராவது 4 பைட் இமோஜி போடுற வரைக்கும் விஷயமே தெரியாது. யுடிஎஃப்8எம்பி4 தான் எடுக்கணும், 8.0ல இருந்து அதுவே டிஃபால்ட்.

கடைசில போஸ்ட்கிரஸ் தான். 10வது வெர்ஷன்ல இருந்து ஐசியுனு பல மொழி வரிசை தெரிஞ்ச லைப்ரரியோட கொலேஷன் இருக்கு, வரிசைப்படுத்த சொல்ற ஆர்டர் பை-ல தமிழுக்கான கொலேஷன் பேரை சேத்துட்டா அகராதி மாதிரியே வரிசை வந்துடுது. சீக்கிரம் தேடி எடுக்க இண்டெக்ஸ் போடுறப்பவும் அதே கொலேஷனை குடுங்க, ரெண்டும் வேற வேறயா இருந்தா வரிசைப்படுத்த அந்த இண்டெக்ஸ் உதவாது, டேட்டாபேஸ் எப்படி வேலை செய்யப் போகுதுனு காட்டுற எக்ஸ்ப்ளெய்ன் போட்டு பாத்தா சார்ட்னு ஒரு ஸ்டெப் தனியா வந்து நிக்கும்.