உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?

பந்து பீரோவுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. அங்கன்வாடியில் தினம் நடப்பதுதான். ஆனாலும் நாலு மாதமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாலு வயதுப் பையன். குப்புறப் படுத்து, கன்னம் தரையில் ஒட்ட, கையை உள்ளே விட்டுத் துழாவினான். எட்டவில்லை. காலை நீட்டிப் பார்த்தான். பிறகு வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தான். "டீச்சர், எடுத்துக் குடுங்க."

கதவோரம் விளக்குமாறு சாத்தியிருந்தது. அது அவன் கண்ணில் படட்டும் என்று, "நீயே யோசி தங்கம்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

சிரித்து மழுப்பினேன். அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு விளக்குமாற்றை இழுத்து வந்து நேராக உள்ளே குத்தினான். பந்து இன்னும் தள்ளிச் சுவரோரம் போய்விட்டது. நிறுத்தினான். பீரோவின் பக்கவாட்டுக்குச் சுற்றிப் போய் உட்கார்ந்து, கூட்டுகிற மாதிரி இழுத்தான். ஒட்டடையோடு பந்து வெளியே வந்தது. அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் எடுத்துக் கொடுத்திருந்தால் அந்தச் சந்தோஷம் அவனுக்கு ஏது? மாதக் கூட்டத்தில்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் அதே பையன் கால்சட்டை நாடாவின் முடிச்சோடு போராடி, நனைத்துக்கொண்டு நின்றான். உதவியாளர் அக்கா பத்தடி தள்ளி சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளேதான் இருந்தேன்.

"ஏன்டா கூப்பிடல?"

"நீயே யோசின்னு சொல்லுவீங்க."

இந்த வயதில் நனைத்துக்கொள்ளாத பிள்ளை யார்? அம்மா முடிச்சை இறுக்கிப் போட்டிருக்கலாம். 22 பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் நான் ஓட முடியாது. ஓடவும் கூடாது என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் ஆளைக் கூப்பிடுவதும் ஒரு வழிதானே? அந்த வழியை நானே அடைத்துவிட்டேனோ?

1976இல் உட், புரூனர், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் பிறகு படித்தேன். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்துப் பிரமிடு மாதிரி கோபுரம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லித்தருபவர் பிள்ளையைத் தானாகச் செய்ய விடுவார். தேவைப்பட்டால் முதலில் வாயால் சொல்வார். அதில் நடக்காதபோதுதான் கை கொடுப்பார். நான் அன்று வாயாலும் சொல்லவில்லை. "நீளமா ஏதாச்சும் இருக்கா பாரு" என்று ஒரு வார்த்தை போதும். சொல்லியிருந்தால் அவன் பக்கவாட்டுக்குச் சுற்றிப் போயிருப்பானா? அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது பதினோரு மணிக்கு அவனைக் கூப்பிட்டு முடிச்சை நானே அவிழ்த்துவிடுகிறேன். அவனால் முடியும். என் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்கிறான்.