தீர்மானப் புத்தகத்தில் இல்லாத தீர்மானம்: அங்கன்வாடி கேட்டு அலைந்த ஓராண்டு

எங்கள் குடியிருப்பில் அங்கன்வாடி மையம் திறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன் அலைந்த ஓராண்டை நினைத்தால் இன்னமும் மனம் ஆறவில்லை. இதே வேலையில் இறங்கப்போகும் தாய்மார்களும் மகளிர் குழுவினரும் நாங்கள் தொலைத்த மாதங்களைத் தொலைக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அருகில் இருந்த மையம் இரண்டு கிலோமீட்டர் தொலைவில், நான்குவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. களையெடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போகும் பெண்கள் மூன்று வயதுப் பிள்ளையை அந்தச் சாலையைக் கடந்து விட்டுவரவும் முடியாது, மதியம் போய் அழைத்துவரவும் முடியாது. தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக அக்கா பள்ளிக்கு மட்டம் போட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே மூன்று இருந்தன.

ஆறு பெண்கள் சேர்ந்தோம். எங்களுக்கு வழிகாட்டியவர், பணி ஓய்வு பெற்று மகள் வீட்டில் வந்து தங்கியிருந்த ஓர் அங்கன்வாடிப் பணியாளர். நாங்கள் அவரை டீச்சரம்மா என்று அழைக்கிறோம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்து, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு மக்கள் கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் மையம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று பிறப்பித்த ஆணையை அவர்தான் எங்களுக்குச் சொன்னார். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தோம். 46 குழந்தைகள் இருந்தார்கள்.

முதல் தவறு அடுத்த வாரமே நடந்தது. ஜனவரி 26 கிராம சபையில் நான் எழுந்து கோரிக்கையைச் சொன்னேன். கூட்டத்தினர் கைதட்டினார்கள். தலைவரும், "கண்டிப்பா செஞ்சு தரலாம்மா" என்றார். தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று நம்பி நாங்கள் வீடு திரும்பினோம். பிப்ரவரியில் வட்டார அளவிலான குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்துக்கு மனுவை எடுத்துச் சென்றபோது, பிரிவு எழுத்தர் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "தீர்மான நகல் இல்லாம வாங்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார். நகல் கேட்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனோம். செயலர் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். ஒன்பது பொருள்கள் எழுதப்பட்டிருந்தன. எங்கள் பொருள் அவற்றில் இல்லை. ஒன்பதாவது பொருளுக்குக் கீழே கோடு கிழித்து, அதன் பின் கையெழுத்துகள் வரிசையாக இருந்தன. மேலிருந்து மூன்றாவது கையெழுத்து என்னுடையது. கூட்டம் தொடங்கும் முன்பே, வருகைக்கு என்று சொல்லி வாங்கிய கையெழுத்து அது. நான் கேட்டது எழுதப்படாத பக்கத்துக்கு நானே ஒப்பமிட்டிருக்கிறேன் என்று தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகவே, உங்கள் கோரிக்கையைக் கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பாகவே எழுத்தில் கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். தீர்மானம் எழுதி, எண் போட்டு, உரக்க வாசிக்கப்படும் வரை இடத்தை விட்டு எழாதீர்கள். மார்ச் 22 கிராம சபையில் நாங்கள் இருபது பேர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். அன்று தீர்மானம் ஏறியது. பக்கத்தைக் கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டோம்.

ஏப்ரலில் மனு கொடுத்தோம். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. எங்கள் குழந்தைகளில் 19 பேர் சாலைக்கு அப்பாலுள்ள மையத்தில் ஏற்கெனவே பதிவாகியிருப்பதாகவும், அவர்களைக் கழித்தால் 27 பேர்தான் மிஞ்சுவதாகவும் அதில் எழுதியிருந்தது. போகாத பிள்ளைகளைப் போவதாகக் காட்டிவிட்டாரே என்று அந்த மையத்துப் பணியாளர் மீது எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. டீச்சரம்மாதான் எங்களை நிதானப்படுத்தினார். எங்கள் குடியிருப்பு அந்தப் பணியாளரின் கணக்கெடுப்புப் பகுதிக்குள் வருகிறது. அங்குள்ள குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பதிவு செய்வது அவருடைய கடமை. பதிவு இருந்தால்தான் சத்துமாவுப் பொட்டலமும் எங்கள் வீடுகளுக்கு வரும். பதிவு வேறு, தினமும் வந்து உட்காரும் வருகை வேறு.

மறுநாள் அவரைத் தேடிப் போனோம். எண்ணிக்கை குறைந்தால் தன் மையத்துக்கு ஆபத்து வருமோ என்று அவர் முதலில் தயங்கினார். நாங்கள் அவருக்கு எதிராக வரவில்லை என்பதைப் புரியவைக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்பட்டது. அதன் பிறகு, கடந்த மூன்று மாதங்களில் எங்கள் பிள்ளைகளில் உண்மையில் வந்தவர்கள் 4 பேர் மட்டுமே என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை இணைத்து, ஆணை பேசுவது குடியிருப்பில் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள், அங்கே மையம் இருக்கிறதா என்பதைப் பற்றித்தான், வேறிடத்துப் பதிவைப் பற்றி அல்ல என்று ஒரு கடிதமும் எழுதினோம். அந்தப் பணியாளர் இன்று எங்கள் குழுவில் ஒருவர். வேலை பார்ப்பவரைப் பகைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நல்லது செய்ய முடியாது என்பதை நாங்கள் கற்றுக்கொண்டது அந்த மாலையில்தான்.

இதற்கிடையில் இன்னொரு இடி விழுந்தது. மனு போய்த் திரும்பிய காலத்தில் 5 குழந்தைகளுக்கு ஆறு வயது நிறைந்துவிட்டது. 46 என்பது 41 ஆனது. இரண்டு வீடுகளில் குழந்தை பிறந்ததால் 43 என்று நின்றது. இல்லாவிட்டால் 40 என்ற கோட்டை ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்திருப்போம். பட்டியல் தயாரிக்கும்போதே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆறு வயது நிறையும் தேதியையும் எழுதிவிடுங்கள். கர்ப்பிணிகளின் பட்டியலைத் தனித்தாளில் சேருங்கள். தாமதம் யாரால் நேர்ந்தாலும் அதற்குள் வயது ஏறிவிடுவது நம் பிள்ளைகளுக்குத்தான்.

பிறப்புச் சான்றிதழ் விஷயத்தில் வீணான பயணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏழு குழந்தைகளின் சான்றிதழில் பெயரே ஏறியிருக்கவில்லை. பட்டியலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று யாரோ சொன்னதை நம்பி, கைக்குழந்தையோடு ஒரு தாயை அழைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி நகரத்துக்குப் போனேன். பிறப்பு எங்கே பதிவானதோ அந்தப் பதிவாளரிடம்தான் பெயர் சேர்க்க முடியும். அவளுக்குப் பிரசவம் நடந்ததோ தாய்வீட்டு ஊரில். வெறுங்கையோடு திரும்பினோம். அவள் அன்றைய கூலியையும் இழந்தாள். பிறகு கிராம சுகாதார செவிலியரைப் பார்த்தபோது, பிறந்த தேதி எழுதியிருக்கும் தாய் சேய் நல அட்டையின் நகலே போதும் என்று தெரிந்தது. அவருடைய தடுப்பூசிப் பதிவேட்டோடு எங்கள் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்ததில், நாங்கள் இரண்டு முறை எழுதிவிட்ட ஒரு பெயரும் பிடிபட்டது. செவிலியரிடம் முதலிலேயே போயிருக்க வேண்டும்.

ஜூனில் மீண்டும் மனு கொடுத்தோம். இம்முறை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் நாள் கூட்டத்திலும் ஒரு படி கொடுத்து ரசீது வாங்கினோம். மூன்று மாதங்கள் கடந்தும் பதில் இல்லை. போனபோதெல்லாம் "அலுவலர் கேம்ப்ல இருக்காங்க" என்ற பதிலே கிடைத்தது. செப்டம்பரில், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். ஏன் தாமதம் என்று அதில் நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் விளக்கம் தர இயலாது என்று முடித்துவிடுவார்கள். எங்கள் மனு எந்தத் தேதியில் எந்த மேசைக்குப் போனது, அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் என்ன என்று மட்டும் கேட்டேன். சட்டம் தரும் 30 நாள் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மேற்பார்வையாளரின் கள ஆய்வுக்காக நிலுவையில் உள்ளது என்று பதில் வந்தது. அடுத்த வாரமே அவர் நேரில் வந்தார். எங்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார். ஒரு பெயர்கூடப் பிசகவில்லை.

அதன் பின் வேலை வேகமாக நடந்தது. குழந்தைகள் மிகக் குறைந்துபோன வேறொரு மையத்தின் பணியிடத்தை எங்களுக்கு மாற்றித் தந்தார்கள். பூட்டிக் கிடந்த மகளிர் குழுக் கட்டடத்தை நாங்களே வெள்ளையடித்துக் கொடுத்தோம். ஜனவரியில் மையம் திறந்தது.

திறந்ததோடு எங்கள் வேலை முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு மையத்துக்கும் ஊர்மக்களைக் கொண்ட கண்காணிப்பு மற்றும் ஆதரவுக் குழு இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2011இல் வழிகாட்டுதல் அனுப்பியிருக்கிறது. எங்கள் குழு மாதம் ஒருமுறை, எடை போடும் நாளிலேயே கூடுகிறது. இரண்டாம் மாதம் ஒரு தாய், "இங்க 10.2 காட்டுது, ஆஸ்பத்திரியில 9.9 தானே போட்டாங்க" என்று கேட்டாள். அவளுடைய மகனுக்கு வயது 27 மாதம். தொங்கு தராசை வெறுமையாக மாட்டிப் பார்த்தோம்; முள் பூஜ்யத்தில் நிற்காமல் 300 கிராமில் நின்றது. அந்த 300 கிராமால், வளர்ச்சி அட்டையில் எடைக் குறைவைக் காட்டும் மஞ்சள் பகுதியில் இருக்க வேண்டிய பிள்ளை, சரியான எடையைக் காட்டும் பச்சையில் நின்றிருக்கிறான். பணியாளர் அன்றைக்கே திருகைச் சரிசெய்து எல்லாக் குழந்தைகளையும் மறுபடி நிறுத்தார். மேலும் இரண்டு பேர் மஞ்சளுக்கு இறங்கினார்கள். இப்போதெல்லாம் எடை போடுவதற்கு முன் பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைத் தொங்கவிட்டு முள்ளைப் பார்த்துக்கொள்கிறோம். அந்த மூன்று வீடுகளுக்கும் வாரம் ஒருமுறை எங்களில் ஒருவர் போய், பிள்ளை சாப்பிட்டதையும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்ததையும் கேட்டுவருகிறார். சாலைக்கு அப்பாலுள்ள மையத்துத் தாய்மார்களும் அவர்களுடைய தராசைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

சொந்தக் கட்டடம் இன்னும் இல்லை. கழிப்பறைக்குக் கதவு இல்லாததால் சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறோம். இரண்டுக்குமான கோரிக்கையை ஏப்ரல் மூன்றாம் வாரமே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கினோம். மே 1 கிராம சபையில் அது 11ஆம் தீர்மானமாக ஏறியது. கூட்டம் முடிந்து, அந்தப் பக்கத்தை நானே உரக்க வாசித்த பிறகுதான் அதன் கீழே கையெழுத்திட்டேன்.