இரண்டு பதிவேடுகள்

தண்டையார்பேட்டையில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஆறு ஆண்டுகள் நலன் அலுவலராக இருந்தேன். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அப்படி ஒருவரை வைக்க வேண்டும் என்று அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. என்னை வைத்ததற்கு வேறு காரணம் இருந்ததாகத் தோன்றவில்லை.

என் மேசையில் இரண்டு பதிவேடுகள் இருக்கும். ஒன்று, உடைந்த ஊசிகளுக்கு. தைக்கும்போது ஊசி முறிந்தால் அதன் துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, செலோடேப் போட்டுத் தாளில் ஒட்ட வேண்டும். ஒரு துணுக்கு குறைந்தாலும் புது ஊசி கிடைக்காது. சட்டைகளைத் தனியே எடுத்து வைத்து, காந்தத்தால் தரையைத் துழாவுவார்கள். எங்கோ வெளிநாட்டில் ஒரு குழந்தையின் கழுத்தில் அது குத்திவிட்டால் ஆர்டரே போய்விடும். மற்றொன்று முதலுதவிப் பதிவேடு. அது நான் சேர்ந்த நாளில் புத்தம் புதிதாக இருந்தது. சேர்ந்து ஐந்து மாதம் கழித்தும் அப்படியே இருந்தது.

ஒருநாள் ஊசிப் பதிவேட்டைப் புரட்டியபோது ஓர் ஒட்டுக்குக் கீழே பழுப்பாக ஏதோ உறைந்திருந்தது. துரு என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த முனையைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

காலர் லைனில் தைத்துக்கொண்டிருந்த அக்காவைத் தேடிப் போனேன். ஆள்காட்டி விரலில் அதே செலோடேப்பைச் சுற்றியிருந்தார்.

"ஏன் அக்கா சொல்லவில்லை?"

"சொன்னால் ஈஎஸ்ஐ போ என்பீர்கள். அரை நாள் போய்விடும் மேடம். சூப்பர்வைசருக்கும் கெட்ட பெயர்."

ஊசிக்கு முன்னால் விரல் போகாமல் தடுக்க ஒரு கம்பிக் காப்பு உண்டு. எல்லா மெஷினிலும் இருந்தது. பாதி மெஷின்களில் மேலே திருப்பி விட்டிருந்தார்கள். பயிற்சி போதாது என்று முடிவு செய்து, படம் போட்டு வகுப்பு எடுத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு அந்த அக்காவே என்னை மெஷினில் உட்கார வைத்தார். காப்பு இருந்தால் காலர் முனை கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. நூல் அறுந்தால் கோர்க்க நேரம் பிடிக்கிறது. மணிக்கு 70 காலர் என்று இலக்கு வைத்துவிட்டுக் காப்பையும் போடு என்றால் எதை விடுவார்கள்?

அவருடைய தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1918-இல் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் தொழிலாளர்களைக் கொண்டு எழுந்ததுதான். "தாத்தாவுக்குச் சங்கம் இருந்தது மேடம், எங்களுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

தணிக்கைக்காரர்கள் வருவது முன்பே தெரிந்துவிடும். பின்வாசலை அடைத்துக் கிடக்கும் பண்டில்கள் முந்தின இரவே இடம் மாறும், மஞ்சள் கோடுகளுக்குப் புதுச் சாயம் ஏறும். 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அது, தொழிலாளர்களை முறையாக, பாதுகாப்பாக நடத்துகிறது என்று சொல்லும் எஸ்ஏ 8000 சான்றிதழ் பெற்றிருந்தது. எங்கள் வரவேற்பறைச் சுவரிலும் சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கின. அவற்றைக் கடந்து போகும்போதெல்லாம் அந்தச் செய்தி நினைவுக்கு வரும்.

கடைசியில் இரண்டு காரியம் செய்தேன். காயத்தைச் சூப்பர்வைசரிடம் சொல்லாமல் நேரே என்னிடம் எழுதலாம், அரை நாள் சம்பளம் பிடிக்கமாட்டார்கள் என்று மேலாளரிடம் மன்றாடி அனுமதி வாங்கினேன். காலர் லைனில் மட்டும் இலக்கை 60 ஆக்கினோம். முதல் மாதமே முதலுதவிப் பதிவேட்டில் பத்தொன்பது வரிகள் விழுந்தன. மேலாளர் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "நீங்கள் பாதுகாப்பைக் கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் இவ்வளவு விபத்து" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அடுத்த தணிக்கையிலும் அதே கேள்விதான் வந்தது: விபத்து ஏன் கூடிவிட்டது? காலியான பதிவேட்டைப் பார்த்து இத்தனை காலம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

மூன்றாம் மாதம் காலர் லைனில் வரிகள் நான்காகக் குறைந்தன. காப்புகள் இறங்கியே இருந்தன. 2022-இல் திண்டுக்கல்லில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெண்கள் மீதான துன்புறுத்தலைத் தடுக்க, தைக்கிற பெண்களையே கண்காணிப்பாளர்களாக்கிய ஒப்பந்தம் அது. அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னிடம் இருந்தது மேலாளரின் வாய்வார்த்தை மட்டும்.

அது கப்பல் தேதி நெருங்கும்வரை தாங்கியது. மழையில் வியாசர்பாடிப் பக்கமிருந்து வருபவர்கள் இரண்டு நாள் வர முடியவில்லை, சரக்கு பின்தங்கிவிட்டது, இலக்கு மறுபடி 70. அன்று மாலை காலர் லைனைச் சுற்றி வந்தேன். ஒரு பொத்தான் டப்பாவுக்குள் காப்பின் திருகாணிகள் நான்கைந்து கிடந்தன. யாருடையவை என்று நான் கேட்கவில்லை.