நைட்ரோ எஞ்சினில் கசிவு: நீடிலைத் தொடும் முன் தண்ணீரில் முக்குங்கள்

நைட்ரோ காரில் (நைட்ரோமீத்தேனும் மெத்தனாலும் கலந்த எரிபொருளில் ஓடும் ரிமோட் கார்) ட்யூனிங் நிற்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொன்னாலும் ஒரே பதில்தான்: "ஹை ஸ்பீட் நீடிலைக் கால் சுற்று திறந்து பாருங்க." நீடில் என்பது கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு. என் 1/8 பக்கியை (நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள ஆஃப்-ரோடு கார்) வைத்துக்கொண்டு இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கோளாறு நீடிலில் இல்லை, கசிவில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஆன அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி செகண்ட் ஹேண்ட். 21 சைஸ் எஞ்சின், அதாவது 3.5 சிசி. எரிபொருள் 25 சதவீத நைட்ரோ. த்ராட்டிலை விட்டதும் ஐடிலுக்கு இறங்காமல் கொஞ்ச நேரம் ஊளையிட்டுவிட்டு அப்புறம்தான் தணியும். டேங்க் பாதிக்குக் கீழே போனால் லீன் ஆகிவிடும் (எரிபொருள் குறைந்து காற்று கூடிவிடும்). காலையில் செய்த ட்யூனிங் மதியம் செல்லாது. இதோடு, ஓட்டி முடித்ததும் சேஸிஸ் முழுக்க எண்ணெய்க் குளியல்.

ஹாபி கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். க்ளோ பிளக்கை (எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்) மாற்றி, நீடிலைத் திருகி, காசு வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அதே தொல்லை. மறுபடி போனால், எக்ஸாஸ்ட் பக்கம் இருந்த கறுப்பு எண்ணெயைக் காட்டி "கேஸ்கெட் போச்சு" என்றார் அங்கிருந்தவர். கேஸ்கெட் மாற்றியும் பலன் இல்லை. கடைசியில் "இந்த எஞ்சின் தேறாது, புதுசு வாங்கிடுங்க" என்று விலைப்பட்டியலை நீட்டினார். புது எஞ்சின் விலைக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம்!

எக்ஸாஸ்ட் இணைப்பில் கொஞ்சம் கறுப்பு எண்ணெய் வழிவது பெரும்பாலான நைட்ரோ வண்டிகளில் சகஜம். அதைப் பார்த்துத் தீர்ப்பு சொல்பவரை நம்பாதீர்கள். ஃப்ளைவீல் (எஞ்சின் தண்டில் மாட்டிய கனமான சக்கரம்) சுற்றுகிற வேகத்தில் எண்ணெயை நாலாபுறமும் வீசியடிக்கும். ஈரம் இருக்கிற இடம் வேறு, ஓட்டை இருக்கிற இடம் வேறு.

இதற்கு ஒரு பவுடர் வைத்தியம் உண்டு. ஏர் ஃபில்டரைச் சரியாகப் பொருத்திவிட்டு, எஞ்சினின் வெளிப்பக்கத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். முகத்துக்குப் போடுகிற சாதாரணப் பவுடரை மெல்லிசாகத் தூவி, ஒரு நிமிடம் ஐடிலில் மட்டும் ஓடவிட்டு அணையுங்கள். பவுடர் எங்கே முதலில் கரைகிறதோ அங்கிருந்து தேடத் தொடங்கலாம். எனக்கு ஃப்ளைவீலுக்குப் பின்னால், கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) வெளியே வருகிற இடத்தைச் சுற்றி ஒரு வளையமாகக் கரைந்திருந்தது. கார்புரேட்டர் கழுத்தடியிலும் ஒரு பொட்டு.

துடைப்பதற்குப் பெட்ரோல் வேண்டாம். தெரிந்த டூ வீலர் மெக்கானிக் ஒருவர் நல்லெண்ணத்தில் மொத்தத்தையும் பெட்ரோலில் கழுவித் தந்தார். சிலிக்கான் டியூப் பெட்ரோலைக் குடித்து உப்பிவிடும். நிப்பிளில் (டியூப் மாட்டுகிற சின்னக் குழாய் முனை) போட்டால் வழுக்கிக்கொண்டு கழன்றது. டியூப் செலவும் சேர்ந்துகொண்டது.

பிறகுதான் தண்ணீர்ச் சோதனை. பஞ்சர் கடையில் டியூபை முக்கிப் பார்ப்பதே கதை. முதலில் டேங்க்: எக்ஸாஸ்ட் பைப்பிலிருந்து பிரஷர் வருகிற நிப்பிளை அடைத்துவிட்டு, எரிபொருள் டியூப் வழியாக சிரிஞ்சால் காற்றை ஏற்றி பக்கெட்டில் அமுக்கினேன். மூடியோரம் குமிழி வரிசை கட்டியது. மூடியின் ஓ-ரிங் தட்டையாகிப் போயிருந்தது. டேங்க் காலியாகக் காலியாக லீன் ஆனதன் காரணம் அதுதான். பிரஷர் நிற்காவிட்டால் எரிபொருள் மேலே ஏறாது. வாயால் மட்டும் ஊதாதீர்கள். கள்ளக்குறிச்சியில் 2024-ல் அத்தனை உயிர்களைக் குடித்த மெத்தனால்தான் இந்த எரிபொருளிலும் பெரும்பங்கு.

ஓ-ரிங்குக்கு மாற்று என்று ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கொடுத்தது சில நாளிலேயே ஊதிப்போய் மூடியை மூடவிடவில்லை. பெட்ரோலுக்குத் தாங்குகிற ரப்பரெல்லாம் நைட்ரோவுக்குத் தாங்கும் என்பதில்லை. இதில் மிச்சம் பிடிக்காமல் டேங்குக்கு உரியதையே வாங்குங்கள்.

அடுத்து எஞ்சின். எக்ஸாஸ்டையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் கார்க்கால் இறுக்கி அடைத்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, எரிபொருள் நிப்பிளில் காற்றைக் கொடுக்க வேண்டும். முதலில் ஒரு குமிழிகூட வராமல் போகலாம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதோடு விட்டுவிடாதீர்கள். கிராங்கில் இருக்கிற திறப்பு கார்புரேட்டருக்கு நேராக வந்தால்தான் காற்று உள்ளே போகும். பிஸ்டன் அடியில் நிற்கும்போது பெரும்பாலும் அது மூடியிருக்கும். ஃப்ளைவீலை மெல்லத் திருப்பிக்கொண்டே அழுத்தினால் ஓரிடத்தில் சட்டென்று சிரிஞ்ச் இளகும். எனக்கு அந்த இடத்தில் கிராங்கைத் தாங்கும் முன் பேரிங்கிலிருந்து குமிழி கொப்பளித்துக்கொண்டு வந்தது. கார்புரேட்டர் கழுத்தில் சின்னச் சரம். பேக்பிளேட்டும் (எஞ்சினின் பின்மூடி) ஹெட்டும் சுத்தம்.

ஊளையிட்ட ஐடிலுக்கு விடை கிடைத்துவிட்டது. உள்ளிருந்து எண்ணெய் வெளியே வருகிற வழியில் வெளிக்காற்றும் உள்ளே போகிறது. காற்று கூடினால் கலவை லீன் ஆகும். அதை நீடிலால் ஈடுகட்டப் பார்த்தால் ஆயுசுக்கும் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சோதனை முடிந்ததும் தண்ணீரை உடனே வடித்து, உலர்த்தி, எண்ணெய் விடுங்கள். இல்லாவிட்டால் நல்ல பேரிங்கும் துருப்பிடிக்கும்.

கழுத்துக்கு புது ஓ-ரிங் போட்டு, கார்புரேட்டரைக் கீழே அழுத்திப் பிடித்தபடி திருகை இறுக்கினேன், முடிந்தது. பேரிங்தான் பாடாய்ப் படுத்தியது. "வெளிநாட்டிலிருந்து வரணும், ஒரு மாசம் ஆகும்" என்றது ஹாபி கடை. கழற்றின பேரிங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேரிங் கடைக்குப் போனேன். பம்ப்பும் மோட்டாரும் செய்கிற கோவையில் பேரிங் கடைக்கா பஞ்சம்? கடைக்காரர் வெர்னியரை வைத்தார். உள் விட்டம் 7, வெளி விட்டம் 19, அகலம் 6. "இது 607-ங்க தம்பி. டூ ஆர்எஸ் போதுமா?" என்று டப்பாவைத் திறந்து கையில் வைத்தார். டூ ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் சீல் வைத்தது. ஒரு மாசம் என்றது ஒரு நிமிடத்தில் முடிந்தது. கடையை விட்டு வெளியே வரும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இந்த யோகம் முன் பேரிங்குக்கு மட்டும்தான். இந்த எஞ்சின்களின் பின் பேரிங் 14 x 25.4 x 6. சாதாரணக் கடையில் கிடைக்காது. உங்கள் எஞ்சின் 12 சைஸ் என்றால் அளவே வேறு, அளந்துவிட்டுப் போங்கள்.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்துக் கழற்றாதீர்கள். கிராங்க், பிஸ்டன், ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு (கனெக்டிங் ராடு எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்), மீதி எரிபொருள் துளியும் இல்லாமல் காயவிட்டு, ஹாட் ஏர் கன்னில் வெறும் எஞ்சின் கூட்டைச் சூடாக்கினேன். துளி தண்ணீர் விட்டால் சுர்ரென்று துள்ளி ஓடும் சூடு வந்தபோது ஒரு மரக்குச்சி போதுமாக இருந்தது. புதியதில் உட்புற சீலை மட்டும் ஊசியால் நெம்பி எடுத்து, கிரீஸைக் கழுவிவிட்டுப் பொருத்தினேன். அந்தப் பக்கத்துக்கு எரிபொருளில் இருக்கும் எண்ணெயே போதும். வெளிப்புற சீல் இருந்தே ஆக வேண்டும்.

மறுபடி பக்கெட். முன் பக்கம் எப்போதாவது ஒரு குமிழி, அவ்வளவுதான். அதற்கு மேல் துரத்த வேண்டாம். புது பேரிங் போட்டும் கொப்பளித்தால், கிராங்க் சுற்றுகிற துளையே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது கடைக்காரர் சொல்லும் புது எஞ்சினைப் பற்றி யோசிக்கலாம்.

இப்போது த்ராட்டிலை விட்டால் உடனே இறங்குகிறது. டெம்பரேச்சர் கன் 110 டிகிரி செல்சியஸ் பக்கம் காட்டுகிறது, டேங்கின் கடைசிச் சொட்டு வரை அப்படியே. கிளட்சும் வழுக்குவதில்லை, அதன் மேலும் இத்தனை நாள் எண்ணெய் தெறித்துக்கொண்டிருந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் இணைப்பில் மட்டும் அந்தக் கறுப்பு எண்ணெய் இன்னும் கொஞ்சம் வழிகிறது. ஒரு துணியால் துடைத்துவிட்டு ஓட்டுகிறேன்.